அட்டவணையில் எங்கள் ஊர்

என் வேலை என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் என்னால் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பேட்டையை ஒட்டிய தெரு எங்களுடையது. அங்கே வேலை என்றால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒருவர் மண் அரைக்கிறார், ஒருவர் அச்சில் கூழ் ஊற்றுகிறார், ஒருவர் சூளையில் அடுக்குகிறார். சாயங்காலம் கப்பு, சாசர், ஜாடி, பியூஸ் கட்டை என்று ஏதோ ஒன்று வெளியே வந்து வண்டியில் ஏறுகிறது. சென்னையில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வருகிற நான் எதைச் செய்து எந்த வண்டியில் ஏற்றுகிறேன் என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

மாத்திரை செய்கிறேனா என்று கேட்டார்கள். இல்லை. டாக்டருக்குப் படித்திருக்கிறேனா என்றார்கள். அதுவும் இல்லை. இரண்டு மாத்திரைகளில் எது நல்லது என்று ஒரு மிஷின் கணக்குப் பார்த்துச் சொல்கிறது, அந்தக் கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று நான் மிஷினுக்கு எழுதித் தருகிறேன் என்று விளக்கினேன். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, எங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர், வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்:

"மிஷினுக்கே கணக்கு தெரியாதுன்னா அத என்னாத்துக்குடா வாங்குனாங்க?"

அது வாங்கியவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி என்று தப்பித்துக்கொண்டேன். ஆனால் அந்த மிஷினும் நானும் சேர்ந்து ஒருமுறை எங்கள் ஊரின் பெயரைக் காப்பாற்றினோம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெருமைக்காக எழுதுகிறான் என்று யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு அந்தக் கைநாட்டும் தேவைப்பட்டதில்லை. பள்ளி முடித்துக் கல்லூரியில் சேரப் போனபோது கணக்குப் பாடத்தில் இடம் தீர்ந்துவிட்டது, புள்ளியியல் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார்கள். அது என்ன பாடம் என்றுகூடக் கேட்காமல் சரி என்றேன். கேட்டுக்கொண்டு நின்றால் அதையும் இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். படிக்கப் படிக்க அது எனக்கென்றே செய்து வைத்த பாடம் போல இருந்தது. ஒருவருக்கு உடம்பு தேறினால் அது மருந்தாலா, தானாகவா என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு பேரை இரண்டு கூட்டமாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு மருந்தும் இன்னொன்றுக்கு வேறு மருந்தும் கொடுத்தால் சொல்லிவிடலாம். இவ்வளவு எளிமையான ஒரு யோசனையை மனிதர்கள் இவ்வளவு காலம் யோசிக்காமல் இருந்தார்களே என்று வியந்துகொண்டே பட்டம் வாங்கினேன்.

சென்னையில் மருந்துச் சோதனைகளுக்குக் கணக்குப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதலில் அட்டையில் துளை போடும் வேலை. ஒரு நோயாளிக்கு ஓர் அட்டை. வயது, எடை, எந்தக் கூட்டம், மூச்சு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் துளை. பிறகு அந்த அட்டைகளை மிஷின் எப்படிப் படிக்க வேண்டும் என்று புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். அலுவலகத்தில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் வெளிநாடு போய்விட்டார். அடுத்த வாரமே நான் சீனியர் ஆனேன். எனக்குக் கீழே யாரும் இல்லை, இருந்தாலும் சீனியர்தான். அப்பா அந்த ஒரு வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பஸ்ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் அலுவலகத்துக்கு இளைப்பு மாத்திரைச் சோதனை ஒன்று வந்தது. பழைய மாத்திரை ஒன்று, புதிய மாத்திரை ஒன்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. நோயாளிக்கும் தெரியக்கூடாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டம் ஒன்று, கூட்டம் இரண்டு. எது புதியது என்கிற விவரம் முத்திரை வைத்த உறையில் வேறொரு இடத்தில் பூட்டியிருந்தது. தூசியில் வேலை செய்கிறவர்கள் நிறைந்த மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று பஞ்சாலை ஊர், ஒன்று சுண்ணாம்புக் காளவாய் ஊர், மூன்றாவது எங்கள் ஊர். தேர்வில் எனக்குப் பங்கு இல்லை. ஆனால் பட்டியலில் விருத்தாசலத்தைப் பார்த்த அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சந்தை பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் மையம் திறந்தார்கள். திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு நர்ஸம்மா பொறுப்பு. வேலையாட்கள் வந்து, ஊதினால் முள் நகரும் ஒரு கருவியில் மூச்சுக் கட்டி ஊத வேண்டும். பிறகு தங்கள் எண் குத்திய காகிதப் பொட்டலத்தில் மாத்திரை வாங்கிப் போக வேண்டும். அடுத்த முறை வரும்போது காலிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் முதல் வாரமே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் மண் தூசி நெஞ்சில் இறங்கி வருஷக்கணக்காகிறது. சூளைக்கு முன்னால் நாலு படி ஏறுவதற்குள் அப்பா இரண்டு தடவை நின்றுவிடுவார். மையம் தொடங்கி மழைக்காலம் வருவதற்குள் அவர் நிற்காமல் ஏறுகிறார் என்று சேதி வந்தது. அவருடைய எண் எனக்குத் தெரியும். தெரியும் என்பதாலேயே அந்த அட்டையை நான் தனியாக எடுத்துப் பார்த்ததில்லை.

எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமாக மிஷின், அதாவது கம்ப்யூட்டர், கிடையாது. நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு கல்லூரியில், குளிர் அறைக்குள் இருந்தது. வாரத்தில் ஒரு காலை நேரம் எங்களுக்கு. அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். கண்டக்டர் பெட்டியைக் காட்டி என்ன லக்கேஜு என்பார். ஆளுங்க என்று சொல்ல நாக்கு வரைக்கும் வரும்.

முதல் அட்டவணையை அப்படித்தான் ஒரு காலையில் எடுத்தேன். காகிதம் சரசரவென்று இறங்கியது. பஞ்சாலை ஊரில் இரண்டாம் கூட்டம் முதல் கூட்டத்தைவிடத் தெளிவாக நன்றாக ஊதியிருந்தது. சுண்ணாம்பு ஊரிலும் அப்படியே. மூன்றாவது வரி எங்கள் ஊர். அதில் இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல. வித்தியாசம் என்று பார்த்தால் மயிரிழைதான். மற்ற இரண்டு ஊர்களின் முதல் கூட்டத்தைவிட மேலே, இரண்டாம் கூட்டத்தைவிடக் கீழே, நடுவில் போய் உட்கார்ந்திருந்தது எங்கள் ஊர்.

எங்கள் பிரிவுத் தலைவர் அட்டவணையை மேஜையில் விரித்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தார். கெட்டவர் இல்லை அவர். கணக்கில் பொய் வந்தால் மட்டும் தாங்க மாட்டார்.

"உங்க ஊர்ல ஒழுங்கா சாப்பிடலப்பா. பொட்டலம் காலியா வருது, சரி. மாத்திரை வயித்துக்குப் போச்சா, வாய்க்காலுக்குப் போச்சான்னு யாருக்குத் தெரியும்? சோதனையை நடத்துற கமிட்டியில நான் இதைத்தான் சொல்லப் போறேன். விருத்தாசலத்தை விட்டுடலாம்."

விட்டுவிடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மூச்சுக் கட்டி ஊதிய அத்தனை பேரின் அட்டையும் கட்டுக் கட்டாக மூலைக்குப் போகும். மையத்தை மூடுவார்கள். மாத்திரை நின்றுபோகும். எங்கள் ஊர்க்காரர்கள் மருந்தை வாங்கி வாய்க்காலில் கொட்டியவர்கள் என்று அறிக்கையில் ஒரு வரி அச்சாகி, கப்பல் ஏறி எந்தெந்த ஊருக்கெல்லாமோ போகும். மருந்தை உண்மையாகவே கொட்டியிருந்தால் ஒருவருக்கும் தேறியிருக்காதே, இங்கே எல்லோருக்கும் கொஞ்சம் தேறியிருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் பாதி நாள் சாப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். கமிட்டி கூடுவதற்குள் வேறு காரணம் கிடைத்தால் கொண்டுவா, இல்லையென்றால் இல்லை என்று முடித்தார்.

வேறு காரணம் என்றதும் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது என்மேல்தான். புரோகிராம் எழுதுகிறவனுக்கு அதுதான் மரியாதை. எங்கள் ஊர் அட்டைகளில் கூட்டத்துக்கான கட்டம் ஒரு கட்டம் தள்ளிப் படிக்கப்பட்டிருந்தால் இரண்டு கூட்டமும் கலந்து, இப்படித்தான் ஒன்றுபோலத் தெரியும். அட்டைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளைகளை மூல விவரத்தோடு ஒப்பிட்டேன். புரோகிராமை வரிக்கு வரி கையால் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அட்டைகளை மட்டும் எடுத்துக் காகிதத்தில் சராசரி கண்டு, மிஷின் சொன்னதோடு பொருத்தினேன். எல்லாம் சரி. தான் செய்த வேலையில் பிழை இல்லை என்று தெரிந்து ஒருவன் இவ்வளவு துக்கப்பட்டிருக்க மாட்டான். பிழை என்னுடையதாக இருந்தால் ஒரு மத்தியானத்தில் திருத்தியிருப்பேன்.

தலைவரிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

நர்ஸம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்துபோயிற்று. சேர்ந்தவர்கள் ஒருவரும் தவறாமல் வந்திருக்கிறார்கள், மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துக் கொட்டிவிட்டார்கள் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது என்று என்னையே கேட்டார். நான்தான் சொன்னேன் என்பது போல. அப்புறம் அவரே குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க தம்பி, வூடு வூடா கேட்டுடுவோம்" என்று கிளம்பிவிட்டார்.

வீடு வீடாகக் கேட்டோம். வாசலில் நின்று, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டோம். கேட்ட இடத்திலெல்லாம் திட்டு விழுந்தது. சூளை அடுக்குகிற ஒருவரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சாப்புடாம பின்ன சாமிக்கா படைச்சோம்?" என்றாள். இன்னொரு வீட்டில் வாப்பாவும் மகனும் ஒரே ஆலையில் வேலை. அந்த அம்மா எங்களை உட்காரவைத்து டீ கொடுத்து, மாத்திரை கொடுக்காமல் தான் ஒரு வாய் சோறு தின்றதில்லை என்று சத்தியம் செய்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அது எனக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. ஆனால் சத்தியத்தை அட்டையில் எந்தக் கட்டத்தில் துளை போடுவது?

நர்ஸம்மா மையத்துக்குத் திரும்ப, நான் சாப்பிட வீட்டுக்குப் போனேன். அப்பாவும் சித்தப்பாவும் பகல் ஷிப்டுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று இலை. சாப்பிட்டுக் கை கழுவியதும் அம்மா அடுப்பங்கரை மாடத்திலிருந்து ஒரு பீங்கான் ஜாடியை எடுத்துவந்தாள். எங்கள் தெருவில் அப்படி ஜாடி இல்லாத வீடு கிடையாது. சூளையில் கொஞ்சம் கோணிப்போனதை, மேலே பூச்சு கொப்பளித்ததை ஆலையில் கழித்துவிடுவார்கள். வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உடம்பு கோணலாக இருந்தாலும் மூடி மட்டும் கச்சிதமாக உட்காரும். உப்பு, புளி, ஊறுகாய் எல்லாம் அதில்தான். அம்மா மூடியைத் திறந்து கையில் கவிழ்த்தாள். வெள்ளை மாத்திரைகள் கலகலவென்று விழுந்தன. அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. மீதியைத் திரும்ப ஜாடிக்குள் போட்டு மூடினாள்.

எனக்குக் கை ஈரம் காயவில்லை. அப்படியே ஜாடியை வாங்கிப் பார்த்தேன்.

"பொட்டலம் எங்கம்மா?"

"பொட்டலத்த காலியா கொண்டாந்து காட்டச் சொன்னாங்களே. மாடத்துல பத்திரமா இருக்குது."

"ரெண்டு பேரு மாத்திரையும் இதுலயா இருக்குது?"

"பின்ன? காயிதத்துல வச்சா இந்த மழைக்கு நமுத்துப் போவுது. ஜாடின்னா கல்லு மாதிரி கெடக்கும்."

"யாருது எதுன்னு எப்படித் தெரியும்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இவனையா படிக்கவைத்தோம் என்பது தெளிவாக எழுதியிருந்தது.

"தெரிஞ்சி என்னா பண்ணப் போறன்? ரெண்டும் ஒரே வெள்ள. ரெண்டு பேருக்கும் ஒரே எளப்பு. அண்ணனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணுன்னு பிரிச்சி வைக்க இது என்னா ரெண்டு அடுப்பு எரியிற வூடா?"

சித்தப்பா குறுக்கே வந்து, அண்ணி கையால் எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் விழுங்குகிற வழக்கம் தனக்கு இந்த வீட்டுக்கு அவர்கள் வந்த நாளிலிருந்து இருப்பதாகச் சொன்னார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அம்மா பயந்துபோனாள்.

"நான் எதனா தப்பு பண்ணிட்டனாடா?"

"இல்லம்மா. நீ பண்ணது தெரியாம நாங்க கணக்குப் போட்டதுதான் தப்பு."

எல்லாம் அந்த நிமிஷம் ஒன்றோடு ஒன்று பொருந்திவிட்டது. மையத்தில் வருகிற வரிசையில் எண் கொடுப்போம். எந்த எண் எந்தக் கூட்டம் என்று முன்பே குலுக்கி வைத்திருந்தோம். இரண்டு கூட்டமும் சமமாக நிரம்ப வேண்டும் என்பதால், அடுத்தடுத்த இரண்டு எண்கள் பெரும்பாலும் எதிரெதிர்க் கூட்டத்தில் விழும். எங்கள் ஊரில் அண்ணன் தம்பியும் அப்பா மகனும் ஒரே ஆலையில் வேலை செய்வார்கள், ஒரே வீட்டில் இருப்பார்கள், மையத்துக்கும் ஒன்றாகத்தான் வருவார்கள். ஒன்றாக வந்து, அடுத்தடுத்து நின்று, ஆளுக்கொரு வகை மாத்திரை வாங்கிப் போய், ஒரே ஜாடியில் கொட்டியிருக்கிறார்கள். இரண்டு வகை மாத்திரை இருக்கிறது, மாற்றிச் சாப்பிடக்கூடாது என்று நாங்கள் சொல்லாமல் இல்லை. சொன்னது ஆண்களிடம். மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர்கள் பெண்கள். ஆண்கள் அதை வீட்டில் போய்ச் சொல்லவே இல்லை. அப்பாவைக் கேட்டேன். சொன்னாங்க, சோறு தின்ற நேரத்தில் மறந்துபோச்சு என்றார்.

பஞ்சாலை ஊரிலும் சுண்ணாம்பு ஊரிலும் பொட்டலத்தை அப்படியே கூரையில் செருகி வைத்திருந்தார்கள் என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. அங்கே ஜாடி இல்லை.

மத்தியானமே நர்ஸம்மாவும் நானும் மறுபடி தெருவில் இறங்கினோம். இந்த முறை சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். வீட்டுக்கு வீடு ஜாடி வந்தது. பச்சை, பழுப்பு, காது உடைந்தது, காதே இல்லாதது. நர்ஸம்மா ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார். வாப்பாவும் மகனும் இருந்த வீட்டில் அந்த அம்மா, ஜாடியில் வைப்பது தப்பா தம்பி, வேறு டப்பா வாங்கிவிடட்டுமா என்று கவலையாகக் கேட்டார்கள்.

சென்னைக்குத் திரும்பித் தலைவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கணக்கில் காரணம் தேடிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். இன்றைக்கு ஜாடி, நாளைக்கு சட்டி. சொந்த ஊர் என்பதற்காக நான் கதை கட்டவில்லை என்று கமிட்டி எப்படி நம்பும்?

ரயிலில் வரும்போது நான் யோசித்துக்கொண்டு வந்ததும் அதைத்தான். மிஷினை ஓட்டுவதற்கு முன்பே, என்ன வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். மூன்றையும் அங்கேயே எழுதினேன். ஒரே ஒரு நோயாளி இருக்கிற கொஞ்ச வீடுகளில், ஜாடியில் கலக்க ஆள் இல்லை. அங்கே இரண்டு கூட்டமும் மற்ற ஊர்களைப் போலப் பிரிந்து தெரிய வேண்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்து, எதிரெதிர்க் கூட்டமாக இருந்தால், வித்தியாசமே தெரியக்கூடாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சில வீடுகளில் இரண்டு பேர் வேறு வேறு நாளில் வந்து சேர்ந்து, குலுக்கலில் இரண்டு பேருமே ஒரே கூட்டத்தில் விழுந்திருப்பார்கள். அவர்களும் ஜாடியில் கொட்டியவர்கள்தான். ஆனால் ஒரே வகையை ஒரே வகையோடு கலந்தால் என்ன கெட்டுவிடும்? அந்த வீடுகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். ஊர்க்காரர்கள் மாத்திரையை வாய்க்காலில் கொட்டியிருந்தால் இந்த மூன்றும் இதே மாதிரி வர வழியே இல்லை.

தலைவர் இரண்டு முறை படித்தார். மூன்றாவது வரியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, "இது வரலைன்னா?" என்றார்.

"வரலைன்னா ஊரை விட்டுடுங்க சார். நானே எடுத்துடறேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

நர்ஸம்மா விருத்தாசலத்திலிருந்து, எந்த எண்ணும் எந்த எண்ணும் ஒரே வீடு என்று அனுப்பிவைத்தார். அட்டையில் காலியாகக் கிடந்த ஒரு கட்டத்தில் அதைத் துளையாகப் போட்டேன். புரோகிராமில் கூடுதலாகச் சேர்த்தது சில வரிகள்தான். அதைவிடப் பெரிய புரோகிராமெல்லாம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றை எழுதியதில்லை. கமா ஒன்று தவறினாலும் மிஷின் அட்டைக் கட்டைத் திருப்பித் துப்பிவிடும், அடுத்த வாரம்தான் மறுபடி நேரம் கிடைக்கும், அதற்குள் கமிட்டி கூடிவிடும். அதனால் மிஷின் வேலையாளிடம் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் வரிசையை இன்னொரு முறை சரிபார்த்தேன். அவர் பொறுமையிழந்து, அட்டைக்குப் பொட்டு வைத்து அனுப்பப் போகிறாயா என்று கேட்டார்.

தலைவர் அன்று என்னோடு வந்திருந்தார். வழக்கமாக வர மாட்டார். இரண்டு பேரும் அச்சுப்பொறியின் முன்னால் நின்றோம். முதல் பகுதி இறங்கியது. ஒருவர் மட்டும் உள்ள வீடுகள்: இரண்டு கூட்டமும் பிரிந்து நின்றன, பஞ்சாலை ஊரைவிடவும் கொஞ்சம் அகலமாக. இரண்டாவது பகுதி. எதிரெதிர்க் கூட்டம் உள்ள வீடுகள்: எண்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன, எங்கள் அம்மா பங்கு போட்டது போலவே. நான் மூன்றாவதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கம்தான், ஆனால் மூடிக்கொண்டேன். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. தலைவர் அதைக் கையில் எடுத்துவிட்டார்.

"வந்துருச்சுப்பா," என்றார்.

பார்த்தேன். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த வீடுகள். இரண்டாம் கூட்ட வீடுகள் ஒரு பக்கம், முதல் கூட்ட வீடுகள் இன்னொரு பக்கம், நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும்படி இடைவெளி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மிஷின் வேலையாள் என்ன, பரீட்சை ரிசல்ட்டா என்று கேட்டார். ஆமாம், எங்க ஊரே பாஸு என்றேன்.

கமிட்டியில் கேள்விகள் வந்தன. ஓட்டுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டதைத் தலைவர் எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு அதிகம் பேச்சு இல்லை. எங்கள் ஊர் அறிக்கையில் இருந்தது, முழு மரியாதையோடு. எதிரெதிர்க் கூட்டம் கலந்த வீடுகளைத் தனியாகப் பிரித்துக் காட்டி, காரணத்தையும் எழுதினார்கள். பிறகு உறையைத் திறந்தபோது நல்ல வேலை செய்த இரண்டாம் கூட்டம்தான் புதிய மாத்திரை என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் அப்பாவின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவர் முதல் கூட்டம், சித்தப்பா இரண்டாம் கூட்டம். அதாவது அப்பாவுக்குத் தேறியதில் பாதி, தம்பியின் பொட்டலத்திலிருந்து வந்தது.

மையத்தை மூடவில்லை. புதிய மாத்திரையை எந்த அளவில் கொடுப்பது என்று பார்க்க அடுத்த சோதனையையும் எங்கள் ஊரிலேயே வைத்தார்கள். எண் ஒதுக்குகிற புரோகிராமை நான் புதிதாக எழுதினேன். குலுக்கலில் இனிமேல் ஆளுக்கு எண் இல்லை, வீட்டுக்கு எண். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே வகை, ஒரே அளவு. மற்ற ஊர்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

தொடக்க நாளன்று அவரே விருத்தாசலம் வந்தார். இந்த முறை ஆண்களோடு பெண்களும் கட்டாயம் வர வேண்டும் என்று நர்ஸம்மா தெருத் தெருவாகச் சொல்லியிருந்ததால் மையத்துக்கு வெளியே சந்தை நாள் போலக் கூட்டம். தலைவர் ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, பெண்களைப் பார்த்து, நிதானமாக விளக்கினார். முன்பு மாத்திரைகள் கலந்துபோனதில் அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களிடம் கேட்காமல் விட்டது எங்கள் தப்பு. இனிமேல் ஒரு வீட்டுக்கு ஒரே மாத்திரைதான். எல்லோருடையதையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம், யாருக்கு எதை எடுத்துக் கொடுத்தாலும் கணக்கு கெடாது. இப்படி ஓர் ஏற்பாடு செய்வதற்குப் பட்டணத்தில் நிறையப் பேர் நிறைய நாள் உட்கார்ந்து யோசித்தார்கள் என்றும் சொன்னார்.

அம்மா முன்வரிசையில் இருந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்:

"அதத்தாங்க நாங்க மொதல்லேருந்து செஞ்சிகிட்டு இருக்கோம்."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பி ஆண்கள் பக்கம் வரைக்கும் போயிற்று. தலைவரும் சிரித்துவிட்டார். நர்ஸம்மா சத்தம் போட்டு வரிசையை நேராக்கினார். நான் உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்து, முதலில் வந்த குடும்பத்தைப் பார்த்து, உங்கள் வீட்டில் இளைப்பு யார் யாருக்கு என்று கேட்டேன். நாலு பேர் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். நாலு பேருக்குமாக ஒரே எண்ணை எழுதினேன்.